டிக்கெட் வசூலும் சடையப்பன் மைக்கும்

மைக் செட் சடையப்பன் நன்றி சொல்லிவிட்டால் அதிலிருந்து தப்பிக்க முடியாது என்பது மரக்காணம் பஜாரில் கடை வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அம்மன் கோயில் திருவிழாவாக இருக்கட்டும், மாதா கோயில் தேராக இருக்கட்டும், மைக்கைக் கையில் எடுத்தால் பெரிய மனிதர்களுக்கு வரிசையாக வணக்கம் வைத்துக்கொண்டே வருவான். கூட்டத்தின் ஓரமாக நைசாக நழுவப் பார்க்கிற ஒரு ஆள் கண்ணில் பட்டுவிட வேண்டும். உடனே, "அன்னதானத்திற்கு இரண்டு மூட்டை அரிசி வழங்கிய அரிசி மண்டி ராஜாங்கம் அவர்களுக்கு விழாக் குழுவின் சார்பில் நன்றி, நன்றி, நன்றி!" என்பான். ராஜாங்கம் ஒரு படி அரிசிகூடக் கொடுத்திருக்க மாட்டார். ஆனால் பக்கத்தில் நிற்பவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிடுவார். தூரத்தில் அவருடைய வீட்டுக்காரம்மா பெருமையாக நிமிர்ந்து பார்ப்பாள். இதற்கு மேல் மனிதர் என்ன செய்வார்? மறுநாள் காலையில் மூட்டை வந்து இறங்கிவிடும்.

அதிலும் சடையப்பன் ஒரு நியாயம் வைத்திருந்தான். இல்லாதவர்களுக்கு நன்றி சொல்ல மாட்டான். விழாக் குழு கேட்டபோது 'பாக்கலாம்' என்று இழுத்தவர்களுக்கு மட்டும்தான். "கேட்டா யோசிப்பாங்கய்யா. நன்றி சொல்லிட்டா யோசிக்க டைம் கிடையாது" என்பது அவன் கட்சி. அப்படி வந்ததில் ஒரு பிடி அரிசியை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனான் என்று அவனுடைய எதிரிகூடச் சொன்னதில்லை.

அப்பா, அம்மா இருவருமே உப்பளத்தில் கூலி. சடையப்பனுக்குச் சின்ன வயதிலிருந்தே உப்பில் கால் வைப்பது ஆகாது. திண்டிவனத்தில் ஒரு சவுண்ட் சர்வீஸில் போய்ச் சேர்ந்து, தென்னை மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற வேலையைப் பிடித்துக்கொண்டான். ஒருநாள் அறிவிப்பாளர் குடித்துவிட்டு வராமல் போக, மரத்திலிருந்து இறங்கியவன் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்ததுதான், விடவே இல்லை. குரல் ஒன்றும் பிரமாதமில்லை, கொஞ்சம் கரகரப்புதான். ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற காது மந்தமான கிழவருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகப் போய்ச் சேரும். பிறகு சொந்தமாக செட் வாங்கினான். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால் பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல ஸ்பீக்கருக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பான். அவன் மனைவி தெய்வநாயகிக்கு அதில் பெரிய வயிற்றெரிச்சல். அவள் தலைக்கு எண்ணெய் தேட வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் வைத்து அவனை விளையாட்டுப் பேர்வழி என்று நினைத்துவிடக் கூடாது. சுனாமி வந்த வாரம், ஒரு ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு கடற்கரைக் கிராமமான அனுமந்தைக்கும் முகாம்களுக்குமாக அலைந்தவன் அவன். இன்னார் இந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார், இன்னாருடைய பிள்ளை அந்தக் கல்யாண மண்டபத்தில் பத்திரமாக இருக்கிறது என்று தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டே போனான். ஒருவரிடமும் காசு வாங்கவில்லை. அதற்கப்புறம் சடையப்பன் மைக்கில் வந்தால் அது நிஜம் என்று கடற்கரை பூராவும் ஒரு பேச்சாகிவிட்டது. அந்தப் பேரை அவன் உயிராக நினைத்தான்.

ஈ.சி.ஆர். ரோட்டில், உப்பளங்கள் முடிகிற இடத்தில், தங்கராசு முதலாளியின் கலை அறிவியல் கல்லூரி இருந்தது. உப்பு விற்ற காசில் கட்டியது. தங்கராசு கெட்டவர் இல்லை. காசு ஒரு பக்கம் போனால் அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும் என்று நினைக்கிற ஆள், அவ்வளவுதான். கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் சிவப்பிரகாசம் உப்பளத்துக் குடும்பங்களிலும் மீனவர் குடும்பங்களிலும் தேடிப் பிடித்து ஒரு பெண்கள் கபடி அணியைச் சேர்த்திருந்தார். கபடி ஆடினால் ஃபீஸ் கிடையாது. அந்தப் பெண்கள் போன இடமெல்லாம் கோப்பையோடு திரும்பினார்கள். விழுப்புரம் வரைக்கும் சுவரில் அவர்கள் படம் ஒட்டினார்கள். பார்த்தார் தங்கராசு. பொங்கலுக்குப் பொங்கல் கல்லூரி மைதானத்தில் சவுக்குக் கட்டையால் கேலரி கட்டி, வெளியூர் அணிகளை வரவழைத்து, டிக்கெட் போட்டுப் போட்டி நடத்த ஆரம்பித்தார். கூட்டம் அலைமோதியது. பாண்டிச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள்.

வசூல் எங்கே போனது என்று கேட்கிறீர்களா? முதல் வருட வசூலில் தாளாளர் தங்கராசுவின் அறைக்கு ஏ.சி. வந்தது. அடுத்த வருட வசூலில் ஆசிரியர்கள் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்விட்டு வந்தார்கள். மிச்சத்தில் அலுவலக வாசலில் ஒரு காங்கிரீட் மயில் தோகை விரித்தது. ஆடின பெண்களுக்கு ஆளுக்கு இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீரும். கோப்பையோடு வருகிற பரிசுப் பணத்தையும் மேடையை விட்டு இறங்கியதும் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பெண்களும் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்கள். அவர்களுக்கு ஆட்டம் பிடித்திருந்தது.

சடையப்பனின் ஒரே மகள் பூவிழி அந்த அணியில் ரைடர். பி.காம். இரண்டாம் ஆண்டு. எதிராளி கோட்டுக்குள் பாடிக்கொண்டு போனால் ஒருத்தியையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். சுனாமியால் ஒரு பொங்கலுக்குப் போட்டி நின்றுபோனது. 2006 பொங்கல்தான் சொந்த மைதானத்தில் அவளுக்கு முதல் போட்டி. சடையப்பனுக்கு ஒரு மாதமாகவே நிலைகொள்ளவில்லை. மகளின் பெயரை எப்படிச் சொல்வது என்று ஆட்டோவில் போகும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "ரைடுக்குச் செல்பவர்... பூவிழி!" என்று நடுவில் கொஞ்சம் நிறுத்திச் சொன்னால் எடுப்பாக இருந்தது.

அதற்குள் வீட்டில் வேறு இடி விழுந்தது.

மைதானத்தில் அந்தப் பெண்கள் துணி மாற்ற இடம் கிடையாது. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வகுப்பறைகளைப் பூட்டிவிடுவார்கள், உள்ளே சேறாகிறதாம். இரண்டு பேர் ஒரு புடவையை விரித்துப் பிடிக்க, மற்றவர்கள் ஒவ்வொருத்தியாக அதற்குப் பின்னால் போய் மாற்றிக்கொள்வார்கள். அந்த வருடம் கேலரி கட்ட வந்த பையன்கள் உச்சிக் கட்டையில் உட்கார்ந்துகொண்டு விசிலடித்தார்கள். மேலே இருந்து பார்த்தால் புடவை எதை மறைக்கும்? விஷயம் உப்பளம் வரைக்கும் போய், தெய்வநாயகி காதில் விழுந்துவிட்டது.

அவள் வேலை பார்ப்பதும் தங்கராசுவின் உப்பளத்தில்தான். உப்பளம் வெட்டவெளி. ஒதுங்க ஒரு புதர் கிடையாது. காலையில் போகிறவர்கள் சாயங்காலம்வரை அடக்கிக்கொண்டு வெயிலில் உப்பு வார வேண்டும். மறைவு இல்லாத இடத்தில் ஒரு பெண் எப்படிக் கூசிப்போவாள் என்பதை இருபது வயதிலிருந்து பார்த்தவள் அவள். மகளுக்கும் அதே கதிதானா?

"இந்தப் பொங்கலோட கபடி முடிஞ்சுது" என்றாள். "கதவு போட்டு, தாப்பா போட்டு, தண்ணியோட ஒரு ரூம்பு கட்டினாங்கன்னா அப்பறம் பேசலாம்."

"எம்மா, கபடி ஆடலன்னா ஃபீஸ் கட்டணும்மா."

"அப்ப காலேஜும் முடிஞ்சுது."

சொன்னால் சொன்னதுதான் அவளிடம். பூவிழி அன்று சாப்பிடவில்லை. சடையப்பன் சாப்பிட்டான், ஆனால் என்ன சாப்பிட்டான் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான்.

மறுநாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு தங்கராசுவைப் பார்க்கப் போனான். வாழ்க்கையில் முதல் தடவையாக மைக் இல்லாமல் ஒருவரிடம் ஒன்றைக் கேட்கப் போகிறான். ஏ.சி. அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். 

"ஐயா, பொண்ணுங்க துணி மாத்த ஒரு ரூம்பு இருந்தா நல்லா இருக்குங்க. இந்த வருசம் டிக்கெட் காசுல..."

"கட்டலாம் சடையப்பா, யாரு வேணான்னது?" தங்கராசு சிரித்தார். "ஆனா மொதல்ல ஆர்ச்சு. ரோட்டுல பஸ்ஸுல போறவனுக்கு இங்க ஒரு காலேஜ் இருக்கறதே தெரியல. ஆர்ச்சு வந்தா அட்மிஷன் வரும். அட்மிஷன் வந்தா காசு வரும். காசு வந்தா உன் ரூம்பு."

"அதுக்குள்ள எம்பொண்ணு படிச்சி முடிச்சிடுவாளேங்க."

"அப்ப வேற பொண்ணுங்க வருவாங்க. கபடி ஆட ஆளா பஞ்சம் நம்ம ஊர்ல?"

அவ்வளவுதான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். வாசலில் காத்திருந்த பூவிழி அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.  வீட்டு வாசலில் நின்றாள்.

"ப்பா, அவருக்கு மட்டும் நன்றி கின்றி சொல்லி வெக்காத. அம்மாவுக்கு வேல போயிடும். எனக்கு இருக்கற கொஞ்ச நாளும் போயிடும். சத்தியம் பண்ணு."

ஆம்ப்ளிஃபயர் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான் சடையப்பன்.

இறுதி ஆட்டத்தன்று கேலரி வழிந்தது. மேடையில் நடுநாயகமாகத் தங்கராசு. அவருக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு அம்மா. முன் வரிசையில் செங்கல் சூளை வெங்கடாசலம், சிமெண்ட் கடைக்காரர், இரும்புக் கடைக்காரர் என்று ஊர்ப் பிரமுகர்கள். ஆட்டம் பாதியில் இருக்கிறது, இரண்டு பக்கமும் சமமாகப் புள்ளிகள். பூவிழி கோட்டைத் தொட்டு வணங்கிவிட்டு உள்ளே போகிறாள். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

ஜெனரேட்டர்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. கேலரியிலிருந்து விசில் கிளம்பியது, அப்புறம் ஒரு ஊளை. கூட்டம் கட்டைகளிலிருந்து சரசரவென்று இறங்குகிற சத்தம். நடு மைதானத்தில் அந்தப் பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். சடையப்பனுக்குத் திக்கென்றது. நல்ல வேளையாக அவன் ஆம்ப்ளிஃபயர் கார் பேட்டரியில் ஓடுவது. விளக்கு இல்லாவிட்டாலும் குரல் இருந்தது. கூட்டத்தை உட்கார வைக்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"அன்பர்கள் அப்படியே அமரவும், அமரவும்! இந்த நேரத்தில், போட்டிக்குக் கோப்பை வழங்கிய..." என்று ஆரம்பித்தான். தன் பெயர் வருமோ என்று காது கொடுத்தவர்கள் உட்கார்ந்தார்கள். பந்தல் போட்டவர், தண்ணீர் பாக்கெட் கொடுத்தவர், போஸ்டர் அடித்தவர், கேலரிக்குச் சவுக்குக் கட்டை கொடுத்த புண்ணியவான் என்று கொடுத்தவர்கள் எல்லோரும் தீர்ந்துபோனார்கள். விளக்கு வரவில்லை. மறுபடி ஒரு விசில். நிறுத்தினால் கூட்டம் எழுந்துவிடும். வாய் தன்பாட்டுக்கு ஓடியது.

"மேலும்... இந்த ஆண்டு டிக்கெட் வசூலில், நம் வீராங்கனைகள் உடை மாற்றுவதற்கு, கதவும் தாழ்ப்பாளும் தண்ணீர் வசதியும் கொண்ட தனி அறை கட்டித் தரும் நம் தாளாளர் ஐயா அவர்களுக்கு நன்றி, நன்றி, நன்றி!"

மூன்றாவது நன்றிக்குத்தான் அவனுக்கு உறைத்தது. கைதட்டல் காதைப் பிளந்தது. சரியாக அந்த நேரத்தில் விளக்கும் வந்து தொலைந்தது. மைதானத்தில் பூவிழி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். மேடையில் அந்த அம்மா தங்கராசுவின் கையைப் பிடித்து, "ரொம்ப நல்ல காரியம் சார்" என்று குலுக்கிக்கொண்டிருந்தார்.

தங்கராசு எழுந்து நிதானமாக மைக் அருகே வந்தார்.  அவர் சடையப்பனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. சந்தையில் நல்ல மாட்டைப் பார்க்கிற வியாபாரியின் பார்வை அது.

"சடையப்பன் சொன்னது நூத்துக்கு நூறு சரி" என்றார். "அந்த ரூமுக்கு மொத நன்கொடை யாருதுன்னு அவரு அடக்கமா சொல்லாம விட்டுட்டாரு. மூணு நாள் மைக் செட் வாடகையையும் வேணாம்னுட்ட நம்ம சடையப்பனுக்கு நன்றி, நன்றி, நன்றி!"

கைதட்டல். சடையப்பன் வாயைத் திறந்தான். பக்கத்தில் நின்ற சிவப்பிரகாசம் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். இதற்கு மேல் அவன் என்ன செய்வான்?

தங்கராசுவுக்கு ருசி கண்டுவிட்டது. "செங்கல் பூராவும் தன்னோட செலவுன்னு சொன்ன சூளை வெங்கடாசலத்துக்கு நன்றி! சிமெண்ட்டு..." என்று முன் வரிசையில் ஒருவர் விடாமல் பிடித்தார். இரும்புக் கடைக்காரர் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் பாவனை செய்தார், விடவில்லை. சடையப்பன் இருபது வருடத்தில் வாங்கியதை மனிதர் ஐந்து நிமிடத்தில் வாங்கிவிட்டார். ஒரு நல்ல தொழில்காரனுக்கு இன்னொரு நல்ல தொழில்காரன் மேல் வருகிற மரியாதை அவனுக்கு வந்தது. எரிச்சலும் வந்தது. ஆட்டத்தைப் பூவிழியின் அணி ஜெயித்தது. பரிசுப் பணத்தைத் தாளாளர் கையால் வாங்கி, வழக்கம்போல அலுவலகத்தில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்கள்.

அறை வந்தது. செங்கல் இலவசம், சிமெண்ட் இலவசம், கம்பி இலவசம். டிக்கெட் வசூலிலிருந்து ஒரு காசு அதற்குச் செலவாகவில்லை. வசூல் முழுக்க ஆர்ச்சுக்குப் போனது. வைகாசி மாதத்துக்குள் ரோட்டோரத்தில் ஆர்ச் எழும்பி நின்றது. தங்கராசுவின் அப்பா பெயரும் அம்மா பெயரும் இரண்டு தூணிலும். ஒவ்வொரு தூணுக்கும் கீழே சிமெண்ட்டில் ஒரு தாமரை. அதன் நடுவிலிருந்து தண்ணீர் பீச்சுவதற்காக கடலிலிருந்து தள்ளியிருந்த ஒரு கிராமத்துக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் பைப் போட்டுக் கொண்டுவந்தார்கள். உப்புத் தண்ணீர் விட்டால் பெயின்ட் போய்விடுமாம்.

தெய்வநாயகி அறையைப் பார்க்க வந்தாள். கதவைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். வெளியே வந்து, ஜன்னல் உயரத்துக்கு எட்டி எட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. முகம் கொஞ்சம் மலர்ந்தது. பிறகு பைப்பைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று வந்தது.

"தண்ணி எங்கய்யா?"

"வரும்மே."

"எப்ப வரும்?"

 செங்கல்லுக்கும் சிமெண்ட்டுக்கும் நன்றி சொன்ன தங்கராசு தண்ணீருக்கு நன்றி சொல்ல மறந்திருந்தார். "உப்பும் சேறுமா வெளையாடிட்டு அதும்மேலயே துணி மாட்டிக்கினு வர்றதுக்கு ரூம்பு எதுக்கு? ஆகஸ்டு பதினஞ்சு வரைக்கும் பாப்பேன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அந்த ஆகஸ்டு பதினைந்தன்றுதான் ஆர்ச் திறப்பு விழா. கூடவே ஒரு காட்சி ஆட்டம்.

நம் ஆள் சும்மா இருக்கவில்லை. பைப் கடைக்காரரிடம் போனான், கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். கோயிலில் கூழ் ஊற்றும் விழாவில் மைக்கைப் பிடித்து, "கல்லூரி வீராங்கனைகள் அறைக்குத் தண்ணீர் இணைப்பு வழங்கிய..." என்று ஆரம்பித்ததும், "யோவ், நான் குடுக்கலய்யா!" என்று கூட்டத்திலிருந்து சத்தம் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பொங்கலுக்குப் பிறகு ஊரே உஷாராகிவிட்டிருந்தது. தங்கராசு ஒரே நாளில் அத்தனை பேரிடமும் கறந்ததில் அவன் வித்தை செல்லாமல் போய்விட்டது. அதைவிட, சடையப்பன் மைக்கில் வந்தது நிஜமில்லை என்று ஒருவன் பொதுவில் கத்திவிட்டானே என்பது அவனைச் சுட்டது. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னான்.

"ஒன்னும் ஆவலம்மா. எனக்குத் தெரிஞ்சது அது ஒன்னுதான்."

 "விடுப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாள் பூவிழி.

ஆகஸ்டு பதினைந்து. கொடி ஏற்றி, ஆர்ச் திறந்தாகிவிட்டது. இரண்டு தாமரையும் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீச்சின. பல்கலைக்கழகத்து அம்மா இந்த முறையும் வந்திருந்தார். உப்பு வாருகிற காலம் என்பதால் தெய்வநாயகியும் உப்பளத்துப் பெண்களும் பாத்தியிலிருந்து நேராக வந்து சுற்றுச்சுவர் ஓரமாக நின்றார்கள். முழங்கால் வரைக்கும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. வெளியூர் அணி மைதானத்தில் தயார். கல்லூரிப் பெண்கள் வந்தார்கள், ஆட்ட உடையில் இல்லை, சுடிதாரில். கபடிக் கோட்டுக்குப் போகாமல் நேரே மைக் மேசைக்கு வந்தார்கள்.

"மைக்கக் குடுப்பா" என்றாள் பூவிழி.

சடையப்பன் தன் மைக்கை இதுவரை மந்திரிக்குக்கூட அவ்வளவு லேசில் கொடுத்ததில்லை. கொடுத்தான்.

"ஐயா, நாங்க கபடி டீம் பொண்ணுங்க பேசறோம்." குரல் முதலில் ஆடியது, பிறகு நின்றது. அப்பாவின் கரகரப்பு அப்படியே இருந்தது. "ரூம்பு கட்டிக் குடுத்தவங்க எல்லாரும் நல்லா இருக்கணும். ஆனா உள்ள தண்ணி இல்ல. நாங்க ஆடற ஆட்டத்துக்குத்தான் டிக்கெட் விக்கிறீங்க. அந்தக் காசுல வந்த தண்ணி அங்க தாமரைல ஊத்துது. அதுல ஒரு பைப்ப எங்க பக்கம் திருப்பி விடுங்க. நாங்க துணி மாத்திக்கினு வந்து ஆடறோம்."

அவ்வளவுதான் பேச்சு. நன்றி இல்லை, வணக்கம் இல்லை. மைதானம் அமைதியாகிவிட்டது. தாமரையில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. தங்கராசு அசையவில்லை.

சடையப்பனுக்கு நாக்கு அரித்தது. ஒரே ஒரு நன்றி சொன்னால் போதும், எல்லோரும் தப்பித்துவிடலாம். கை மைக்கை நோக்கிப் போனது. பூவிழி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எதிர் அணிப் பெண்களைப் பிடிக்கிற பிடி. "வேணாம்ப்பா" என்றாள் மெதுவாக. "அவரே சொல்லட்டும்." அவன் வாயை மூடிக்கொண்டான். ஆயுசில் அவன் அவ்வளவு கஷ்டப்பட்டு வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

தங்கராசு தாமரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்தார், அந்த அம்மாவும் தாமரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் ஓரமாகத் தன் உப்பளத்துப் பெண்கள் நிற்பதைப் பார்த்தார். ஒருவரும் கைதட்டவில்லை. கைதட்டலுக்கு நடுவில் எப்படி நடந்துகொள்வது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இந்த அமைதியை என்ன செய்வது என்று தெரியவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"யோவ் பிளம்பர்! எங்கய்யா போயிட்ட? ஹோஸ எடுத்துக்கினு வா!" என்று கத்தினார். பிறகு பொதுவாக, "இத யாராச்சும் மொதல்லயே கேட்டிருக்கலாமில்ல?" என்றார். சடையப்பன் அதையும் விழுங்கிக்கொண்டான்.

தாமரைகள் இரண்டும் அடங்கின. ரப்பர் ஹோஸ் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் போனது. உள்ளே சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் சுவர் ஓரத்திலிருந்து தெய்வநாயகி விறுவிறுவென்று வந்தாள். பெண்களை வாசலில் நிறுத்திவிட்டு அவள்தான் முதலில் உள்ளே போனாள். ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிக் கொப்பளித்தாள்.

"நல்ல தண்ணிதான்" என்றாள். மகளைப் பார்த்தாள். "போடி, மாத்திக்கினு போயி ஆடு. நாளைக்கும் ஆடு. படிச்சி முடிக்கிற மட்டும் ஆடு."

பூவிழி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் உப்பு அவள் சுடிதாரெல்லாம் ஒட்டியது.

பெண்கள் மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள். தெய்வநாயகி மட்டும் வரவில்லை. சடையப்பன் பதறிப்போய்த் தேடி வந்தான். அறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தண்ணீர் சத்தம் கேட்டது.

"இன்னாமே பண்றே? ஆட்டம் ஆரம்பிக்கப் போவுது."

"வர்றேன் போய்யா. குளிக்கறேன்." உள்ளேயிருந்து குரல் வந்தது. "வேல முடிஞ்சி கதவ சாத்திக்கினு நல்ல தண்ணில குளிக்கறது இன்னிக்குத்தான்யா எனக்கு."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் ஊரிலிருக்கிற எல்லோருக்காகவும் எதையெதையோ வாங்கிக் கொடுத்திருக்கிறான், இதை அவன் நினைத்ததே இல்லை. அவமானமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வெளியே மற்ற உப்பளத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கதவுக்கு முன்னால் வரிசை நின்றார்கள். காவலாளி ஏதோ சொல்ல வந்தான், அவர்கள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

சடையப்பன் மேசைக்கு ஓடினான். கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களில் ஒன்றை அவிழ்த்து அறைப் பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தான். "ரைடுக்குச் செல்பவர்... பூவிழி!" என்றான். அவள் போகிறாள், கோட்டைத் தாண்டிவிட்டாள், இடது மூலையில் ஒருத்தியைத் தொட்டாள், காலைப் பிடிக்கிறார்கள், இழுத்துக்கொண்டே வருகிறாள் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்வதுபோல் ஒன்று விடாமல் சொன்னான். "வந்துவிட்டாள்! இரண்டு பாயிண்ட்!"

"அடி சக்க! அப்டிப் போடுடி எம்பொண்ணே!" என்று பூட்டிய அறைக்குள்ளிருந்து தெய்வநாயகி போட்ட சத்தம், மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்டது.